கண்டேன் என்னுஞ் சொல்

சிவமயம்

உண்மை பேசுதல் அறங்களுள் முதன்மையானது என்பதை எச்சமயத்தாரும் மறுப்பதிலர். உண்மை பேசுதலாவது யாது என வினவினால், உள்ளதை உள்ளவாறு கூறுதல் என்று நம் மாணாக்கர் உடனே விடை தருவர். அவ்விடை முழுவிடையாகுமா என்பதே ஈண்டு ஆராயப்படுவது. ஒருவன் தான் காணாத ஒரு பொருளைக் கண்டேன் என்று சொல்லுகின்றான். அப்பொருளோ உண்மையில் உள்ளது. அவன் சொன்ன இடத்திலேயே உள்ளது. அவன் சொன்ன வடிவினதாகவே உள்ளது. பொருள் மெய்யாயிருத்தலின் அவன் சொல்லும் மெய்யாகுமா? அன்றி, பொருள் மெய்யாயிருப்பவும் அவன் பொய் கூறியவனே ஆவனா?

இது தருக்கநூலார் பொழுதுபோக்கிற்காக எழுப்பும் வினா அன்று. பாடசாலையில் நாடோறும் எழுவது. சரியான விடையை எழுதிய மாணாக்கன் அதனைத் தானே ஆய்ந்து கண்டானா, மனப்பாடஞ் செய்தானா, அயலிலிருந்தவன் தாளைப் பார்த்தானா என்பதை விடைத்தாள் சொல்லாது. சமய பாடத்திலே இவ்வினா இன்னுங் கூர்மையடைகின்றது. திருவருளைப் பற்றி நூலிற் படித்த ஆசிரியர் அதனைத் தாமே நுகர்ந்தார் போலப் பேசுகின்றார். கேட்கும் பிள்ளையுந் தான் உணர்ந்தான் போலத் தலையசைக்கின்றான். அருள் மெய்ப்பொருள் என்பதில் நமக்கு ஐயமில்லை. அதனை உணர்ந்ததாகக் காட்டிக்கொண்ட இருவர் நிலை யாது என்பதே ஐயம்.

இதனை ஆராய்தற்கு யாம் வானத்தை எடுத்துக்கொள்கின்றோம். அங்கும் ஞாயிறு திங்கள் போல யாவர்க்கும் வெளிப்படத் தோன்றுவனவற்றை விடுத்து, தோன்றியுந் தோன்றாமலும் நிற்கும் மங்கலான மீன்கூட்டங்களையே எடுத்துக்கொள்கின்றோம். ஒளிமிக்க பொருளைப் பற்றிப் பொய் கூறுவான் எளிதில் அகப்படுவான். மங்கலான பொருளிடத்தோ, கண்டவனையும், கண்டதாகக் கருதிக்கொண்டவனையும், காணாமலே கண்டேன் என்றவனையும் பிரித்தறிதல் அரிது. ஆதலின் உரைகல்லாதற்கு அதுவே தக்கது.

யாம் உறையும் அட்டாளைச்சேனை இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற ஊர். அட்டாளை என்பது பரண். சேனை என்பது காடு வெட்டிச் செய்யும் புன்செய். பயிர் காப்பான் பரண்மீதிருந்து இரவெல்லாம் விழித்திருந்த நிலத்தின் பெயரை ஊர் இன்றுந் தாங்கி நிற்கின்றது. மேற்கே வயல்வெளி, கிழக்கே கடல். கடற்பக்கத்து வானிலே தெருவிளக்கின் ஒளி குறைவாதலால், மீன்கள் நீரிலிருந்து எழுவனபோலத் தோன்றும். நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் இவ்வூர் அமைந்திருத்தலின், வட ஐரோப்பியர் தம் நாட்டில் நின்று காணமாட்டாத தென்வானத்துக் கூட்டங்களும் நமக்குப் புலனாகின்றன. இடையூறும் உண்டு. ஐப்பசி முதல் மார்கழி முடிய வாடைக்காற்றோடு வரும் மாரிமழை வானத்தை மூடிவிடும். ஆதலாற் கார்த்திகை மீனைக் கார்த்திகை மாதத்திலே காண்பது இக்கரையில் அரிது. தை பிறந்து மழை விட்ட பின்னரே அது நன்கு விளங்கும்.

இதற்கு வேண்டுங் கருவி பெரிதன்று. பைனாக்குலர் எனப்படும் இருகண் தூரதரிசனி ஒன்று போதும். 7×50 எனப் பொறிக்கப்பட்டதில், 7 என்பது உருப்பெருக்கம். 50 என்பது முகப்புக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீற்றரில். இருளில் விரிந்த இளைஞர் கண்மணியின் விட்டம் 7 மில்லிமீற்றர் அளவினது. பரப்பை ஒப்பிட்டுக் கணக்கிட்டால், அக்கண்ணாடி வெறுங்கண்ணைப் போல் ஏறத்தாழ 50 மடங்கு ஒளியைத் திரட்டுகின்றது என்பது விளங்கும். சாய்மனைக் கதிரையிற் சாய்ந்து, முழங்கைகளை அதன் கைகளில் ஊன்றிப் பிடித்தாற் கைந்நடுக்கம் அடங்கும். கடற்காற்றின் உப்புத்துகள் கண்ணாடியிற் படியும். அதனை ஊதி அகற்றாது துடைத்தால் கண்ணாடி கீறுபடும். கருவியைப் பற்றி இவ்வளவு அமையும்.

முதலிற் காணத்தக்கது கார்த்திகை. நிகண்டுடையார் இதனை அறுமீன் என்றும் ஆரல் என்றும் வழங்குவர். சரவணப் பொய்கையிலே முருகப்பிரானுக்குப் பாலூட்டிய மகளிர் அறுவர் எனக் கந்தபுராணங் கூறும். திருக்கோவிற் சித்திரவேலாயுத சுவாமியை வழிபட்டு வளரும் இக்கரையோரத்துப் பிள்ளைகள் அக்கதையை நன்கறிவர். வடமொழித் தைத்திரீய பிராமணமோ எழுவர் பெயரைத் தருகின்றது. கிரேக்கரும் எழுவர் என்றே கொண்டு, ஒருத்தி மறைந்துபோனாள் என்று கதை கூறினர். நம் அயலவராகிய இசுலாமியர் பெண்மக்களுக்கு இடும் சுரையா என்னும் பெயர் அரபு மொழியில் இம்மீன்கூட்டத்தின் பெயரேயாம். 1610 ஆம் ஆண்டில் கலிலியோ தாம் அமைத்த சிறு தூரதரிசனியால் நோக்கி, இக்கூட்டத்தில் 36 மீன்களை வரைந்து வெளியிட்டார். இந்நாளில் ஆயிரத்தின் மேற்பட்ட மீன்கள் இதனைச் சேர்ந்தவை எனவும், அவை நம்மிடமிருந்து ஏறத்தாழ 440 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளன எனவும், தோன்றி ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளே ஆயின எனவும் அறியப்பட்டுள்ளது.

அடுத்தது பூசம். நிகண்டுகள் இதனைக் காற்குளம், கொடிறு என்னும் பெயர்களானும் வழங்கும். மாசி பங்குனி மாதங்களில் முன்னிரவில் இது நம் தலைக்குமேல் வந்து நிற்கும். நிலவில்லாத இரவில் அம்மீன்களினிடையே ஒரு வெண்புகைத் துண்டு வெறுங்கண்ணுக்குத் தோன்றும். கிரேக்கரும் உரோமரும் அதனைக் கழுதைகளின் தீனித்தொட்டி என்றனர். கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலிருந்த அராத்தசு என்னும் புலவர், அத்தொட்டி கண்ணுக்கு மறையுமாயின் மழை வரும் என்று பாடி வைத்தார். மெல்லிய முகிற்படலமும் அம்மங்கலொளியை முதலில் மறைத்துவிடும் ஆதலின் அக்குறி பொருந்தியதே. கலிலியோ அதனை நோக்கி, அது புகையன்று, நாற்பதின் மேற்பட்ட சிறு மீன்களின் தொகுதி என்றார். பின்னர்ப் பிரான்சு நாட்டு மெசியர் தொகுத்த பட்டியலில் இது 44 ஆவதாகவும் கார்த்திகை 45 ஆவதாகவும் இடம்பெற்றன. ஏறத்தாழ 600 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள இக்கூட்டத்தின் மீன்கள் இரண்டனைச் சுற்றிக் கோள்கள் இயங்குவதை 2012 ஆம் ஆண்டில் அறிவித்தனர்.

மூன்றாவது, சித்திரை வைகாசியில் முன்னிரவிலே தென்வானில் நிற்கும் ஒமேகா செண்டாரி. தாலமி இதனை ஒரு தனிமீனாகவே கணக்கிட்டார். 1677 இல் செயிண்டு எலெனாத் தீவிலிருந்து நோக்கிய ஆலி இது மீனன்று, புகைபோன்ற பொருள் என்று குறித்தார். 1830 களில் நன்னம்பிக்கை முனையிலே பெரிய தூரதரிசனியை நிறுவிய சான் எர்சல் இதன் எண்ணிறந்த மீன்களைக் கண்டு வியந்தார். ஏறத்தாழ ஒரு கோடி மீன்கள் உருண்டையாகத் திரண்ட தொகுதி இது. தொலைவு ஏறத்தாழ 17,000 ஒளியாண்டு. பாரிசு நகரின் வானில் இது எழாமையின் மெசியர் பட்டியலில் இதற்கு இடமில்லை. நம் வீட்டு முற்றத்திலிருந்தோ, தென்றிசைத் தொடுவானத்தின்மேல் 35 பாகை உயரத்தில் இதனைக் காணலாம்.

இனி ஆராய்ச்சிக்கு வருவாம். மேற்கூறிய இருகண் தூரதரிசனியால் ஒமேகா செண்டாரியை நோக்கும் பிள்ளை காண்பது யாது? மங்கலான ஒரு பஞ்சுருண்டை, அவ்வளவே. அதனுள் ஒரு மீனேனும் பிரிந்து தோன்றாது. அப்பிள்ளை வீடு சென்று, ஒரு கோடி மீன்களைக் கண்டேன் என்று தாயிடங் கூறினால், அங்கே ஒரு கோடி மீன்கள் இருப்பது மெய். ஆயினுங் கண்டேன் என்றது பொய். உள்ளதை உள்ளவாறு கூறுதல் உண்மை என்னும் இலக்கணம் இங்கே குறைபடுகின்றது. பொருளைப் பற்றிய மெய் ஒன்று. அப்பொருளை நாம் அறிந்த வாயிலைப் பற்றிய மெய் மற்றொன்று. கண்டேன் என்னுஞ் சொல் இவ்விரண்டனையும் ஒருங்கே உறுதிகூறுவது. பின்னது பொய்க்குமாயின் முன்னது மெய்யாயிருப்பினும் சொல் பொய்ச்சொல்லே.

இவ்வேறுபாடு நமக்குப் புதிதன்று. அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரிலே பொருளாராய்ச்சிக்கு முன்னர் அளவையிலக்கணத்தை வைத்தார். காண்டல், கருதல், உரை என அளவைகளை மூன்றாக வகுத்தமையின் கருத்து யாது? அறியப்படும் பொருள் ஒன்றேயாயினும் அறியும் வாயில் வேறாம் என்பதும், எவ்வாயிலால் அறிந்தோம் என்பதை மறைத்தல் கூடாது என்பதும் அதனாற் பெறப்படும். முற்கூறிய பிள்ளை மூன்றளவையையும் முறைப்படி பயன்படுத்திப் பேசுமாயின் இவ்வாறு சொல்லும்: மங்கலான ஓர் உருண்டையைக் கண்டேன், பூசத்துப் புகை தூரதரிசனியால் மீன்களாகப் பிரிந்தமையின் இதுவும் மீன்றொகுதி ஆகலாம் என்று கருதினேன், ஒரு கோடி என்பதை நூலிற் கேட்டேன். இம்மூன்றும் மெய். மூன்றும் அறிவே. கேட்டதைக் கேட்டேன் என்பதில் யாதொரு இழிவும் இல்லை. உரையளவை அளவையன்றோ?

கண்டேன் எனக் கருதிக்கொண்டவன் நிலை இதனினும் நுண்ணியது. அவன் பொய் சொல்ல எண்ணினானல்லன். குற்றமற்ற காட்சியாவது ஐயமுந் திரிபும் விகற்பமும் நீங்கியது எனச் சித்தாந்த நூல் விதிக்கின்றது. மங்கலான பொருளை நோக்குவானுக்கு இவற்றுள் முன்னைய இரண்டும் எக்கணமும் உளவாம். அங்கே ஒன்று உண்டென முன்னரே கேட்டவன், இல்லாத இடத்தும் அதனைக் காண்பான், இது திரிபு. ஆசிரியர் காட்டிவிட்டார், தோழர் ஐவர் கண்டோம் என்றனர், தான் மட்டும் எவ்வாறு காணவில்லை என்பது என நாணுவான். அந்நாணமே சிறிது நேரத்தில் அவன் கண்ணுக்கு ஒரு புகையைத் தோற்றுவிக்கும்.

கண்ணின் அமைப்பும் இங்கு அறியத்தக்கது. ஒளியிலிருந்து இருளுக்கு வந்த கண், மங்கலொளியை முற்றப் பற்றும் நிலையை அடைதற்கு அரைமணி நேரம் வேண்டும். இடையே ஒரு கைத்தொலைபேசியின் வெளிச்சம் பட்டாலும் அவ்வளவும் வீணாம். மேலும், விழித்திரையின் நடுவிலே நுண்ணுருவையும் நிறத்தையும் அறியுங் கூம்புகளே நெருங்கியுள்ளன. மங்கலொளியை அறியுங் கோல்கள் நடுவில் இல்லை, சற்று விலகிய இடத்தில் மிகுந்துள்ளன. ஆதலின் மிக மங்கலான கூட்டத்தை நேரே உறுத்து நோக்கினால் அது மறையும். பார்வையைச் சிறிது ஒருபுறம் செலுத்தினால் தோன்றும். வானநூல் பயில்வார் யாவரும் இம்முறையைக் கையாள்வர்.

இதனைக் கேட்டவுடன் சமய உண்மை ஒன்றை இதனோடு பொருத்திக் கூற நம் உள்ளம் விரையும். நேரே பற்ற முயல்வார்க்கு அகப்படாது, அடங்கியிருப்பார்க்குத் தோன்றுவது சிவம் எனலாம். உவமை அழகியதே, வகுப்பிற் கூறுதலுந் தகும். ஆயின் உவமை விளக்குவதற்கு உரியது, நிறுவுவதற்கு உரியதன்று. விழித்திரையின் கோல்களைக் காட்டிச் சிவனுண்மையை நிறுவினோம் என்பாருக்கும், தூரதரிசனியைக் காட்டிச் சிவனின்மையை நிறுவினோம் என்பாருக்கும் பிழை ஒன்றே.

இப்பிழையின் வரலாறு நம் நாட்டிலேயே உண்டு. வட்டுக்கோட்டைச் செமினரியிலே அமெரிக்க மிசனரிமார் வானநூலைக் கற்பித்தனர். 1829 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்துச் சந்திரகிரகணத்தின்போது, அதன் தலைவராயிருந்த டானியேல் பூவர் நாட்டுப் பஞ்சாங்கக் கணிப்பிற்கும் ஐரோப்பியக் கணிப்பிற்குமுள்ள வேறுபாட்டை மாணாக்கர் தம் கண்ணாலே ஒப்பிட்டுக் காணுமாறு செய்தார். வானம் ஐரோப்பியக் கணிப்பிற்கே சான்றாயிற்று. கண்டது அவ்வளவே: ஒரு வாய்பாடு நேரத்திற் பிறழ்ந்தது. மிசனரிமாரோ அதிலிருந்து புராணமுஞ் சமயமும் பிறழ்ந்தன என்னும் முடிவை மாணாக்கர் உள்ளத்தில் ஏற்ற விரும்பினர். கிறித்தவப் பள்ளியிற் பயின்ற யாம் அப்பள்ளிகள் தந்த நன்மையை மறப்பதிலோம். நோக்கி அறியும் பழக்கத்தை எமக்கு ஊட்டியவை அவையே. ஆயின் கிரகணத்தின் நேரப்பிழையினின்று சித்தாந்தத்தின் பிழை பெறப்படும் என்பதற்கு ஏது யாது? கண்டதன் எல்லையைக் கடந்து சென்றது அவர் முடிபு.

நம்மவர் செய்த மறுதலைப் பிழையையும் மறைத்தல் முறையன்று. தூரதரிசனியாற் கண்டறிந்த யாவும் நம் முன்னோர் முன்னரே கண்டவை என்று எழுதுவாரும், ஒவ்வொரு புராணக் கதைக்குள்ளும் ஒரு விஞ்ஞான உண்மையைப் புகுத்துவாரும் இன்றும் உளர். சமயத்தின் மேலுள்ள அன்பினால் இதனைச் செய்கின்றனர் என்பது மெய். ஆயினும் இது காணாததைக் கண்டேன் என்பதன் மற்றொரு வடிவம். முன்னோர் வாயில் நாம் பொய்யை வைப்பது. முன்னோர்க்குச் செய்யும் வழிபாடு அதுவாகாது.

சென்னை வானாய்வு நிலையத்தில் உதவியாளராயிருந்த சிந்தாமணி இரகுநாதாச்சாரியார் வேறு வழியைக் காட்டினார். அவர் 1867 இல் ரெட்டிக்குலம் என்னும் தென்வானத் தொகுதியிலுள்ள ஒரு மீனின் ஒளி மாறுவதைக் கண்டறிந்தார். 1874 இல் நிகழவிருந்த வெள்ளியின் ஞாயிற்றுக் கடப்பைப் பொதுமக்கள் அறியுமாறு நூல் எழுதி, இந்திய மொழிகள் சிலவற்றிலும் வெளிவரச் செய்தார். பழைய பஞ்சாங்கத்தைப் பழித்தாருமல்லர். அதன் பிழையை மூடினாருமல்லர். காட்சியோடு ஒத்துவருமாறு திருக்கணிதப் பஞ்சாங்கத்தை வெளியிட்டார். திருக்கு என்னும் வடசொற்குப் பார்வை என்பது பொருள். வாக்கியமுந் திருக்கணிதமும் இரண்டும் வழங்கும் நம் நாட்டில் இப்பெயர்ப்பொருளை மாணாக்கர்க்கு விளக்குதல் நன்று.

இங்ஙனமாயின், அறுமீன் ஆயிரம் மீன் ஆனபின்னர்க் கந்தபுராணம் யாதாகும் எனச் சிலர் தடை நிகழ்த்துவர். பிள்ளைகளுங் கேட்பர். அவர்களை அதட்டுதல் தகாது. உரையளவைக்கு உரிய இடம் காட்சியுங் கருதலுஞ் செல்லாத இடம். பதி பசு பாசங்களின் இயல்பை நூல் கூறும். வானத்திற் புள்ளிகள் எத்தனை என்பது காட்சிக்கு உரிய வினா. அங்கே நூலைக் கொண்டு கண்ணை மறுத்தலும், கண்ணைக் கொண்டு நூலின் உட்பொருளை மறுத்தலும் எல்லை கடந்தனவாம். வெறுங்கண்ணிற்கு அறுமீனாகத் தோன்றுங் கூட்டத்தை அறுவர் தாயர் எனக் கண்டு, இறைவன் அறுமுகங்கொண்டு அவரவர்க்கு அருளிய தன்மையைப் புராணம் உணர்த்திற்று. ஆறு என்பது கண்ணறிந்த மெய்; ஆயிரம் என்பது கருவியறிந்த மெய். வேலனை வணங்குவான் இவ்விரண்டில் ஒன்றனை விடவேண்டுவதில்லை.

அயல்நாட்டுக் கருவியும் அயலார் கலையுஞ் சைவப் பாடசாலைக்கு வேண்டுமோ எனத் தடை கூறுவாருக்கு, எம் ஊரிலிருந்து சில கல் தொலைவிலுள்ள காரைதீவிலே 1892 இல் தோன்றிய விபுலாநந்த அடிகளைக் காட்டுவோம். அடிகள் கிறித்தவப் பள்ளிகளிற் பயின்று, விஞ்ஞான ஆசிரியராய்ப் பணிபுரிந்து, பின்னர்த் துறவு பூண்டார். 1947 இல் வெளிவந்த யாழ்நூலிலே பழந்தமிழ் இசையிலக்கணத்தை ஒலிநூற் கணக்கின் துணைகொண்டு ஆராய்ந்தார். கற்ற இடம் எதுவாயினுங் கலை கலைமகளுடையதே.

கண்டேன் என்னுஞ் சொல்லின் பொறுப்பை அறிதற்கு வேறோர் ஆசிரியரும் நமக்கு அண்மையில் உளர். எம் ஊரார் பெரும்பாலும் இசுலாமியர். அவர்கள் மாதத்தின் 29 ஆம் நாள் மாலையில் மேற்றிசை வானிற் பிறையைத் தேடுவர். கண்டோர் சான்று கூறுவர். அச்சான்றுகளை ஆராய்ந்து, கொழும்புப் பெரிய பள்ளிவாசலிலிருந்து முடிவு அறிவிக்கப்படும். ஒருவர் கண்டேன் என்றதனால் ஊரெங்கும் நோன்பு தொடங்கும், பெருநாள் வரும். ஆதலின் அச்சொல்லை விளையாட்டாகச் சொல்வாரில்லை. இதில் எம்மை மிகவுங் கவர்ந்தது மற்றொன்று. பிறை காணப்படாவிடின் மாதத்தை 30 ஆக நிறைவு செய்வர். காணவில்லை என்பதும் அங்கே ஒரு விடை. அதற்கும் ஒரு விதி உண்டு. அதனைச் சொன்னவர் நாணுவதில்லை. நம் வகுப்பறைகளிலே, தெரியவில்லை என்று எழுந்து கூறும் பிள்ளைக்கு இத்தகைய இடம் உண்டா என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்ளுதல் வேண்டும்.

நடைமுறையில் யாம் கைக்கொள்ளுவது ஒன்றைக் கூறுவோம். மாசி மாதத்து இருள்நாட்களிலே மேல்வகுப்புப் பிள்ளைகள் சிலர் தம் பெற்றாரோடு எம் முற்றத்திற்கு வருவதுண்டு. அவர்களை அரைமணி நேரம் இருளில் இருத்தி, பூசத்தைக் காட்டி, ஒருவரோடொருவர் பேசாவண்ணம் தனித்தனியே நோக்கச் செய்து, தாம் கண்ட புள்ளிகளை மட்டுந் தாளில் இடச் செய்வோம். குறிப்பதற்குச் சிவப்புத் துணியால் மூடிய கைவிளக்கே தரப்படும். வானப்படத்தை எவருக்கும் முன்னரே காட்டுவதில்லை. எழுவர் வந்த ஓரிரவில் அறுவர் புள்ளிகளை நிறைய இட்டுத் தந்தனர். ஒரு சிறுமி தனக்கு ஒன்றுந் தெரியவில்லை எனக் கூறி வெறுந்தாளைத் தந்தாள். படத்தோடு ஒப்பிட்டபோது, அறுவர் தாள்களுள் இரண்டே படத்திற்கு ஒத்தன. ஏனையவை கேட்டவற்றைக் கொண்டு நிரப்பியவை. வெறுந்தாளுஞ் சரியான விடையே என்று யாவர் முன்னிலையிலும் அறிவித்தோம். மூன்றாம் இரவில் அச்சிறுமி ஐந்து புள்ளிகளை இட்டாள். ஐந்தும் இடந்தவறாமல் அமைந்திருந்தன. அவள் கண்ணிற்குத் திறமை புதிதாக வந்துவிடவில்லை. காணாமலிருக்க உரிமை பெற்றமையின் காணுமளவும் பொறுத்திருந்தாள்.

ஐயமுந் திரிபும் அகற்றுதற்கு இஃதொரு சிறு கருவி. ஒருவன் தனியே கண்டு குறித்தது, அவன் முன்னறியாத படத்தோடு ஒத்துவருமாயின், அது கற்பனையன்று என அறியலாம். பாடசாலையிற் செய்யத்தக்க காலங்களையும் குறிப்போம். தையில் கார்த்திகையும் அதனை அடுத்த உரோகிணிக் கூட்டமும். மாசி பங்குனியிற் பூசம். சித்திரை வைகாசியில் ஒமேகா செண்டாரி. ஆனி ஆடியிற் கேட்டைக்கு மேற்கே ஒட்டி நிற்கும் மெசியர் 4 என்னும் மங்கலுருண்டையும், மூலத்திற்குக் கிழக்கேயுள்ள மெசியர் 7 என்னும் பெருங்கூட்டமும். உரோகிணி மீன் கூட்டத்தினிடையே நிற்பதாகத் தோன்றினும் அதனைச் சேர்ந்ததன்று. மீனின் தொலைவு ஏறத்தாழ 65 ஒளியாண்டு. கூட்டத்தின் தொலைவு ஏறத்தாழ 150. ஒருங்கே தோன்றுதல் ஒருங்கே இருத்தலாகாது என்பதற்கு இதனினும் நல்ல பாடம் வேண்டுமோ?

இனி, நம் திருநாள்களைப் பற்றியதொரு செய்தி. தைப்பூசத் திருநாளிலே நிறைமதி பூசத்தை அடுத்து நிற்கின்றது. திருக்கார்த்திகைத் திருநாளிலே கார்த்திகையை அடுத்து நிற்கின்றது. ஆதலாற் பூசத்தின் வெண்புகை வெறுங்கண்ணுக்கு முற்றும் மறையும் இரவு தைப்பூச இரவே. கார்த்திகையும் அதன் திருநாளிரவில் ஒளி மழுங்கியே தோன்றும். எம்மீனின் பெயரால் விழாவெடுக்கின்றோமோ, அம்மீன் அவ்விரவில் மதியொளியில் மறைந்திருக்கின்றது. மறைந்தது இல்லாமற் போகவில்லை என்பதை இருள்நாளில் அதனைக் கண்டவன் அறிவான். காணாதவன் கண்டவன் சொற்கொண்டு அறிவான். இருவர்க்குந் திருநாள் ஒன்றே.

இறைவன் ஐந்தொழில்களுள் மறைத்தலும் ஒன்று. உயிர்கள் வினையை நுகர்ந்து பக்குவமடைதற்பொருட்டு இறைவன் தன்னை மறைத்து நிற்றலும் அருளே என்பது சித்தாந்தம். அவ்வாறாயின், காணவில்லை என்று உண்மையாகச் சொல்லும் உயிரின் நிலையும் அருளுக்குள் அடங்கியதே. கண்டேன் என்று பொய்யாக நடிப்பதனால் அது விரைந்து பக்குவமடையாது. தேடுதல் முடிந்துவிட்டது எனத் தன்னையே ஏமாற்றிக்கொண்டு நின்றுவிடும். பொய்யின் தீமை பிறரை ஏமாற்றுதலோடு அமையாமை இதனால் விளங்கும்.

ஆதலின், தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு எம் விடை இது: பொருள் மெய்யாயிருத்தல் சொல்லை மெய்யாக்கப் போதாது. அறிந்த வாயிலையும் மறையாது கூறுதல் வேண்டும். சைவ ஆசிரியர்காள்! நாம் கற்பிக்கும் பொருள் மெய்ப்பொருள் என்னும் உறுதி நமக்கு உண்டு. அவ்வுறுதியே, கற்பிக்கும் முறையிற் பொய் புகுவதற்கு வாயிலாகிவிடுதல் கூடாது. கேட்டதைக் கேட்டேன் என்று சொல்லுங்கள். கருதியதைக் கருதினேன் என்று சொல்லுங்கள். பெரியோர் கண்டதை அவர் கண்டதாகவே கூறி வணங்குங்கள். வரும் மாசி மாதத்து இருளிரவொன்றிலே உம் பிள்ளைகளை முற்றத்தில் அமர்த்தி, பூசத்தை நோக்குமாறு செய்யுங்கள். எவரேனுந் தனக்கு ஒன்றுந் தெரியவில்லை என்றால், அப்பிள்ளையை முதலிற் பாராட்டுங்கள்.

திருச்சிற்றம்பலம்.